குளத்தில் இறங்கியவன்

கும்புக்வெவக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று யாராவது கேட்டால், அப்துல் ஸமத் அளவுக்கம்பைப் பார்க்கப் போகமாட்டார். குளக்கட்டில் நின்றபடி, கரையோர மருத மரங்களில் எந்த மரத்தின் வேர் நனைந்திருக்கிறது என்று பார்ப்பார். "இன்னும் பதினொரு நாளைக்குக் காணும்" என்பார். சரியாகப் பதினொரு நாளைக்குப் போதும். அறுபத்திரண்டு வயதில் இருபத்தாறு வருடங்களை அந்தக் குளத்தோடு கழித்தவர். கலேவெல டவுனிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் தள்ளி இருக்கும் அந்த ஊரில் சிங்களக் குடும்பங்கள் எண்பது, முஸ்லிம் குடும்பங்கள் நாற்பத்தைந்து. எல்லார் வயலுக்கும் ஒரே குளம். மதகைத் திறப்பதும் பூட்டுவதும், யார் வயலுக்கு எந்த நேரம் தண்ணீர் என்று முறை வைப்பதும் வேல்விதானையின் வேலை. விவசாயிகள் கூடிக் கையுயர்த்தித் தெரிவு செய்கிற பதவி. இதுவரை ஏழு தடவை ஸமத்துக்குக் கையுயர்த்தியிருக்கிறார்கள்.

இடையில் பதினாறு நாட்கள் மட்டும் அந்தப் பதவி அவரிடம் இருக்கவில்லை. 2019 ஏப்ரலில் இலங்கைத் தேவாலயங்களில் ஈஸ்டர் ஞாயிறன்று குண்டுகள் வெடித்த பிறகு, குளங்களில் முஸ்லிம்கள் நஞ்சு கலக்கப் போகிறார்கள் என்ற பேச்சு போன் போனாகப் பரவியது. எந்தக் குளம், எந்த நஞ்சு, யார் கண்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. விவசாய சங்கத் தலைவி சந்திரகாந்தா ஒரு காலை ஸமத்தின் வாசலில் வந்து நின்றார். "ஸமத் நானா, உங்க மேல எனக்குச் சந்தேகம் ஒண்ணும் இல்ல. ஆனா ஊர் வாயை மூட ஏலாதே" என்று சிங்களத்தில் சொல்லி மதகுச் சாவியை வாங்கிக்கொண்டு போனார். பதினேழாம் நாள் சாவி திரும்பி வந்தது. கூடவே ஒரு சீப்பு வாழைப்பழம். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. ஸமத்தும் கேட்கவில்லை. அவருடைய மனைவி கைறுன்னிஸா அந்தப் பழத்தை மாட்டுக்குப் போட்டாள்.

இவ்வளவும் பட்ட மனிதர்தான் ஆறு வருடம் கழித்து இன்னொருவன் தலையில் அதே பழி விழும்படி வாயைத் திறந்தார். பகையால் இல்லை. ஒரு சிரிப்புக்காக.

அந்த வருடம் தம்புள்ள வீதியோரத்தில் மரக்கறி வைக்கும் பெரிய குளிர்களஞ்சியம் ஒன்று கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. இரும்புச் சட்டங்களை உயரத்தில் நின்று பொருத்துவதற்காக ஒப்பந்தக்காரர் பீகாரிலிருந்து நான்கு பேரை விசாவோடு கூட்டிவந்திருந்தார். கும்புக்வெவப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பாதி வீட்டை அவர்களுக்கு வாடகைக்கு எடுத்துக் கொடுத்திருந்தார். நாற்பது அடி உயரத்தில் ஏறி வெல்டிங் பிடிக்க மாட்டோம் என்று சொன்ன ஊர் இளைஞர்களே, தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, "நம்ம வேலையப் பறிக்க வந்தவனுவள்" என்றார்கள். அப்படிச் சொன்னவர்களின் வீட்டுக் கூரைகளில் பாதி கட்டார் காசிலும் கொரியா காசிலும் ஓடு கண்டவை. நான்கு மாதமாக அந்த நால்வருக்கும் ஊரில் பெயர் கிடையாது. ஹிந்திக்காரன். நால்வரும் ஹிந்திக்காரன். பொதுக் கிணற்றில் அவர்கள் வாளியைப் போட்டால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

ஐப்பசி மாதத்து ஒரு பின்னேரம். கோடை முழுக்க வெந்து வற்றிய குளத்தில் தண்ணீர் நாலில் ஒன்றுதான் மிச்சம். மதகைப் பார்த்துவிட்டுக் குளக்கட்டு வழியே சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த ஸமத், தூரத்தில் ஓடை வந்து குளத்தில் விழும் இடத்தில் அந்த நால்வரைக் கண்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார்கள். மேற்கே இறங்கும் சூரியனைப் பார்த்தபடி. கையில் சுளகு. சுளகு நிறையப் பழம், கரும்பு, தேங்காய். அதன் நடுவே எரிகிற விளக்கு. முன்னால் நின்றவன் மஞ்சள் வேட்டி கட்டியிருந்தான். அவன் எதையோ ஓதுவது காற்றில் மெல்லக் கேட்டது. ஸமத் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பக்கத்தில் போய் என்ன தம்பி செய்றீங்க என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். கேட்கவில்லை. சைக்கிளில் ஏறி நேராக இத்ரூஸின் தேத்தண்ணிக் கடைக்குப் போனார்.

"ஒரு கூத்துக் கேளுங்க" என்றார், வாங்குப் பலகையில் உட்காருவதற்கு முன்பே. "ஹிந்திக்காரனுவள் நாலு பேரும் நம்ம குளத்துக்குள்ள நிக்கிறானுவள். கையில சுளகு, சுளகுல வெளக்கு. என்னமோ ஓதுறானுவள்."

"என்னத்த ஓதுற?" என்றார் கடைக்கார இத்ரூஸ், தேத்தண்ணியை ஆற்றியபடி.

"யாருக்குத் தெரியும். மீனுக்கு மாப்பிள்ள பாக்கிறானுவளோ என்னமோ!"

கடை சிரித்தது. யாரோ ஒருவர், "சூனியமா இரிக்கப் போகுது நானா" என்றார்.

"ஆ, அதேதான்! குளத்த வத்த வெச்சிட்டு, நம்மளயெல்லாம் ஏத்திக்கிட்டுப் பீகாருக்குப் போகப் போறானுவள், கல்லு தூக்க!"

கடை இன்னும் பலமாகச் சிரித்தது. ஸமத்துக்கு அன்றைய தேத்தண்ணி இனித்தது. வீட்டுக்குப் போனார். எட்டு மணிக்கு இடி இடித்து, அந்தப் பருவத்தின் முதல் பெருமழை கொட்டியது. வேல்விதானைக்கு அதைவிடப் பெரிய தாலாட்டு கிடையாது. நன்றாகத் தூங்கினார்.

சிரிப்பு கடையிலேயே நின்றுவிட்டது. சொல் மட்டும் வெளியே போனது. பகிடியின் தொனியை வாட்ஸ்அப் கொண்டு போகாது. மழை விடும் நேரத்துக்குள் அந்தச் செய்தி சிங்களத்திலும் தமிழிலும் இப்படி ஆகியிருந்தது: குளத்தில் ஹிந்திக்காரன் சூனியம் வைத்தான், வேல்விதானையே கண்ணால் கண்டார்.

விடிய முன், சுபஹு தொழுகை முடித்துவிட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இத்ரூஸ்.

"நானா, குளத்துல மீனெல்லாம் செத்து மிதக்குது! ஆக்கள் கூடிட்டாங்க. நீங்க சென்னது நூத்துக்கு நூறு சரி!"

"நான் என்னத்த சென்ன?"

"சூனியம்! அவனுவள் இப்பத் திரும்பவும் சுளகோட வந்தானுவள். குளக்கட்டுல மறிச்சு வெச்சிரிக்கி. வாங்க சுறுக்கா, நீங்கதான் சாட்சி."

கழற்றிய பொத்தான்களை ஸமத் திரும்பப் பூட்டத் தொடங்கினார். போனில் இத்ரூஸ் கத்தியது கேட்டு, மாட்டுக் கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்த கைறுன்னிஸா எழுந்து வந்தாள்.

"சூனியமா? ஆரு சென்ன?"

"நான்தான்... பகிடிக்கு."

"அல்லாஹ்வே! அந்த நாலு பேர்ல ஒரு பொடியன் முந்தாநாள் பின்னேரம் என்கிட்ட பால் வாங்கிட்டுப் போனவன். பாச்சோறு ஆக்கித் திண்டுட்டு, அதுக்குப் பொறகு ஒண்டரை நாள் நோம்பாம். பச்சத் தண்ணியும் எடுக்க மாட்டானாம். நேத்து பொழுது படக்குள்ள ஒருக்கா, இண்டைக்கு பொழுது எழும்பக்குள்ள ஒருக்கா, தண்ணியில நிண்டு சூரியனக் கும்பிட்டுத்தான் தொறப்பானாம். அவங்கட ஊர் வழக்கம்."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"கேட்டேன். வாய் இரிக்கே."

"அவன் ஹிந்திதானே பேசுற?"

"நல்லாத் தமிழ் பேசுறான். ஆறு வருஷம் திருப்பூர்ல வேல செஞ்சவனாம். பேரு ராம்பிரவேஷ். அங்கயும் வடக்கன் வடக்கன்ண்டு வெரட்டித்தான் இஞ்ச வந்தானாம்." கைறுன்னிஸா பால் வாளியைக் கீழே வைத்தாள். "நீங்க நோம்பு புடிக்கிற மனிசன். ஒண்டரை நாள் தண்ணி இல்லாம நிக்கிறவன அடிக்கப் போறாங்க. இன்னும் நிக்கிறீங்களே!"

ஸமத் சைக்கிளை மிதித்தார். மழையில் ஊறிய வண்டிப் பாதையில் சில்லு வழுக்கியது. நான்கு மாதம். ஊருக்குள் தமிழ் பேசுகிற ஒருவன் நான்கு மாதம் இருந்திருக்கிறான். அவனிடம் தான் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாத வாய் அவனைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறது.

குளக்கட்டில் முப்பது பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். மதகைச் சுற்றித் திலாப்பியா மீன்கள் வெள்ளை வயிறு காட்டிக் கிடந்தன. நடுவில் அந்த நால்வர். ஒரு சுளகு மிதிபட்டு, வாழைப்பழம் சேற்றில் நசுங்கியிருந்தது. மஞ்சள் வேட்டிக்காரனின் உதடு வெடித்து வெளுத்திருந்தது. மிச்சமிருந்த சுளகைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே அடிவானம் சாம்பல் நிறம் மாறிச் செம்மை ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கால் மணி நேரம்கூட இல்லை.

"அண்ணா," என்றான் அவன், யாரிடம் என்றில்லாமல். "சூரியன் வர்றதுக்குள்ள தண்ணிக்குள்ள எறங்கோணுமுங்க. அப்புறம் என்னைய அடிச்சாலும் பரவாயில்லீங்க."

"தண்ணிக்குள்ள எறங்கினா கால உடைப்போம்!"

"பொலிசுக்குச் சொல்லுங்க. விசாவக் கிழிச்சு பிளேன்ல ஏத்தட்டும்!"

"ஒப்பந்தக்காரருக்கு ஒரு போன் போடு, நாளைக்கே நாலு பேரையும் அனுப்பிடுவாரு."

சந்திரகாந்தா செத்த மீன் ஒன்றை வாலில் பிடித்துத் தூக்கியபடி ஸமத்தைக் கண்டார். "வாங்க நானா. நீங்க கண்டதச் சொல்லுங்க. உங்க வாயால கேட்டா முடிஞ்சுது."

"கண்டேன்" என்றார் ஸமத். மூச்சு வாங்கியது. எல்லோருக்கும் விளங்கவேண்டும் என்று சிங்களத்திலேயே பேசினார். "சுளகக் கண்டேன், வெளக்கக் கண்டேன். சூனியத்தக் காணல்ல. சூனியம் என்ன நெறம், எத்தன கால்ண்டு எனக்குத் தெரியாது. ஒங்கள்ல ஆருக்காவது தெரியுமா? நேத்துக் கடையில நான் சென்னது பகிடி. இல்ல, பகிடியும் இல்ல. பொய். அது என்ட வாயில இருந்து வந்த பொய்."

"இப்ப பயத்துல மாத்திப் பேசுறார்!" என்றது ஒரு குரல்.

"பின்ன மீன் எப்பிடிச் செத்த நானா?" என்றார் இத்ரூஸ், தமிழில்.

"எப்பவும் சாகுறது மாதிரித்தான். வத்தின குளம், கொதிச்ச தண்ணி. மொதல் மழை ஓங்கி விழுந்தா அடிச் சேறு கெளம்பும். சேறு கெளம்பினா மீனுக்கு மூச்சு முட்டும். நாலு வருஷத்துக்கு முந்தியும் செத்த. பெரிய வறட்சி வந்த வருஷமும் செத்த. இந்தா, இந்த மதகுக்கிட்ட நிண்டு கூடை கூடையா அள்ளினது மறந்து போச்சா? அண்டைக்கு எந்த ஹிந்திக்காரன் வந்த?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஞாபகம் இருந்தவர்களுக்கு அதைச் சொல்ல விருப்பம் இல்லை. ஸமத் சந்திரகாந்தாவின் பக்கம் திரும்பினார். ஆறு வருடம் தொண்டையில் கிடந்தது வெளியே வந்தது.

"நீங்க என்ட கையில இருந்து சாவிய வாங்கின அண்டைக்குக் குளத்துல ஒரு மீன் சாகல்ல. அப்பிடி இருந்தும் நான் நஞ்சு கலக்கிறவன். இண்டைக்கு மீன் செத்திரிக்கி, அதால இவன் நஞ்சு கலக்கிறவன். மீன் செத்தாலும் சாகாட்டியும் ஒங்களுக்கு ஒரு ஆள் வேணும். நேத்து நான். இண்டைக்கு இவன். இத்ரூஸ், ஒங்கட மகன் கட்டார்ல நிக்கிறானே, அங்க ஒரு ஒட்டகம் செத்து, அவன் ஓதுறதக் கண்டோம்ண்டு நாலு பேர் மறிச்சா நீங்க இஞ்ச தூங்குவீங்களா?"

சந்திரகாந்தா மீனைக் கீழே போட்டு, கையைச் சேலையில் துடைத்தார். துடைத்து முடிய நெடுநேரம் எடுத்தது.

"எனக்குச் சாட்சி வேணும்" என்றார் அவர். குரல் முன்போல் உரக்க இல்லை.

"காட்டுறேன். வாங்க ஓடை வாய்க்கு. இவங்க நேத்து நிண்ட இடம் அதுதான்." ஸமத் மஞ்சள் வேட்டிக்காரனிடம் தமிழில் சொன்னார்: "ராம்பிரவேஷ் தம்பி, நீங்களும் வாங்க. சுறுக்கா நடங்க."

தன் பெயரைக் கேட்டதும் அவன் திடுக்கிட்டான். ஊர் ஆண்களில் ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை.

குளக்கட்டின் முனையிலிருந்து ஓடை வாய்க்கு முந்நூறு அடி. கூட்டம் முழுவதும் பின்னால் வந்தது. நேற்றுவரை காய்ந்து கிடந்த ஓடை, இரவு மழையில் நுரைத்துக் குளத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் தண்ணீர் கொதிப்பதுபோல் இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் மீன். நூற்றுக்கணக்கில் மீன்கள், வாயை மேலே தூக்கிக்கொண்டு, வருகிற புதுத்தண்ணீரை விழுங்க ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. செத்த மீன் ஒன்றுகூட அங்கே இல்லை.

"பாருங்க" என்றார் ஸமத். "இவங்க நஞ்சு போட்டிருந்தா மொதல்ல சாக வேண்டியது இந்த மீன். குளத்துலயே உசிரோட இரிக்கிற மீன் முழுக்க இவங்க நிண்ட இடத்துல."

பிறகு பின்னாலிருந்து ஒரு கிழவர் கை கூப்பினார். "அப்ப இவங்க கும்பிட்டதாலதான் இந்த மீனெல்லாம் தப்பியிருக்கு!"

"உண்மைதானே!" என்றது இன்னொரு குரல். "நம்ம வயலுக்கும் ஒருக்கா வந்து நிக்கச் சொல்லுவோமா?"

ஸமத்துக்கு வந்த கோபம் கொஞ்சம் இல்லை. "அட, அதுவும் இல்ல!" என்று கத்தினார். "புதுத் தண்ணி! மழைத் தண்ணி வந்து விழுற எடத்துல மீனுக்கு மூச்சு கெடைக்கும், அவ்வளவுதான்! பத்து நிமிசத்துக்கு முந்தி பேய், இப்ப தெய்வமா? ரெண்டுக்கும் நடுவுல மனிசன்ண்டு ஒண்டு இரிக்கி, அது ஒங்கட கண்ணுக்குத் தெரியாதா?"

சந்திரகாந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்ததும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிப்பு வந்த இடத்தில் கையில் இருந்த தடிகள் என்ன செய்வதென்று தெரியாமல் தாழ்ந்தன.

இத்ரூஸ் மட்டும் ஸமத்தின் காதுக்குக் கிட்ட வந்தார். "நானா, நீங்க அஞ்சு நேரம் தொழுறவர். சூரியனக் கும்பிடுறவனுக்கு வழி விட்டா நாளைக்குப் பள்ளிவாசல்ல கேக்க மாட்டாங்களா?"

"நான் குளத்துக்குத்தான் காவல். ஆரு எதக் கும்பிடணும்ண்டு காவல் காக்கிறதுக்கு என்ன ஆரும் தெரிவு செய்யல்ல. தள்ளி நில்லுங்க, அவன் எறங்கட்டும்."

கூட்டம் விலகியது. எல்லோரும் மனம் மாறி விலகினார்கள் என்று சொன்னால் அது பொய். சிலர் வெட்கத்தால் விலகினார்கள். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு விலகினார்கள். ஒருவன், "பொலிசுக்கு எதுக்கும் சொல்லி வைக்கணும்" என்று முனகியபடியே விலகினான். ஆனால் விலகினார்கள். நடுவில் ஓர் ஆள் நடந்து போகும் அளவுக்கு இடைவெளி விழுந்தது.

ராம்பிரவேஷ் இறங்கினான். மீன்கள் அவன் முழங்காலைச் சுற்றிக் கலைந்து மறுபடி கூடின. கூட்டாளிகள் மூவரும் பின்னால் இறங்கினார்கள். சுளகைக் கிழக்கே நீட்டிப் பிடித்தான். மழை கழுவிய வானத்தில் சூரியன், மரங்களுக்கு மேலே விளிம்பு காட்டியது. அவன் கும்பிட்டிருக்காவிட்டாலும் அது உதித்திருக்கும். அது ஸமத்துக்குத் தெரியும். அவனுக்கும் ஒருவேளை தெரிந்திருக்கலாம். சூரியனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஒன்றரை நாள் நாக்கு வறண்டு நின்ற மனிதன்தான் தன் நோன்பைப் பாதியில் விட்டுவிட்டு, அடி வாங்கிக்கொண்டு, பிளேன் ஏறியிருப்பான். ஸமத் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, அவன் கும்பிட்டு முடியட்டும் என்று காத்திருந்தார்.

சடங்கு முடிய அதிக நேரம் எடுக்கவில்லை. கரையேறிய ராம்பிரவேஷ் ஒரு துண்டு இஞ்சியைக் கடித்தான். கூட்டாளி ஒருவன் போத்தலில் தண்ணீர் நீட்டினான். அவன் அண்ணாந்து குடித்தான். தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கியது. நிறுத்தி மூச்சு விட்டு மறுபடி குடித்தான். போத்தல் காலியாகும்வரை முப்பது பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு அவன் மிதிபடாமல் மிஞ்சிய சுளகிலிருந்து கோதுமையும் சர்க்கரையும் சேர்த்துப் பொரித்த பலகாரத்தை ஒவ்வொருவருக்கும் நீட்டினான். சந்திரகாந்தா வாங்கி வாயில் போட்டார். ஸமத்திடம் வந்தபோது அவர் தயங்கினார்.

"குறை நெனைக்காதீங்க தம்பி. படைச்சத நாங்க திங்கிறதில்ல."

"தெரியுமுங்கண்ணா. திருப்பூர்ல என்கூட ரூம்ல இருந்த பாயும் இதையேதான் சொல்வாரு." அவன் கரையில் வைத்திருந்த பைக்குள் கைவிட்டு ஒரு முழக் கரும்பை எடுத்தான். "இது படைக்காததுங்க. சந்தையில வாங்கினதுல மிச்சம். வீட்ல அக்காவுக்கும் குடுங்க. அவங்க குடுத்த பாலு நல்ல பாலுங்க."

சந்திரகாந்தா அதற்குள் தன் பழைய குரலுக்குத் திரும்பியிருந்தார். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? பத்து மணிக்கு நாறப் போகுது. கூடை கொண்டு வாங்க, மண்வெட்டி கொண்டு வாங்க. செத்த மீன அள்ளிப் புதைக்கணும்." ஆட்கள் அசைந்தார்கள். யாரும் கூப்பிடாமலேயே ராம்பிரவேஷின் கூட்டாளிகள் இருவர் ஈர வேட்டியோடு மதகுப் பக்கம் நடந்தார்கள். சந்திரகாந்தா ஸமத்தைத் தாண்டிப் போகும்போது ஒரு கணம் நின்றார். ஏதோ சொல்ல வந்தார். "அந்தச் சாவி விசயம்..." என்றார். மீதி வரவில்லை. ஸமத் தலையை ஆட்டினார். முழுதாகச் சொல்ல அவருக்கு இன்னும் காலம் எடுக்கலாம். தொடங்கியாவது விட்டார்.

ஸமத் கரும்பைக் கையில் பிடித்தபடி கரையிலிருந்த கல்லில் உட்கார்ந்தார். சட்டைப் பைக்குள் போன் அடித்தது. கைறுன்னிஸா.

"என்ன ஆச்சு? அடிச்சாங்களா? ஆள் எங்க?"

"தண்ணி குடிச்சிட்டான்."

மறுபக்கம் ஒரு நீண்ட மூச்சு கேட்டது.

"அல்ஹம்துலில்லாஹ். சரி, வாங்க. பிட்டு ஆறுது."

"வாறேன். மீன அள்ளணும் கொஞ்சம்" என்றார் ஸமத். கரும்பைச் சைக்கிள் கரியரில் கட்டிவிட்டு, மண்வெட்டி எடுக்கப் போனார்.